சைட்காரில் சாய்கிறவள்

எனக்கு இந்த வண்டியைப் பிடிக்கும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நம்புகிறார்கள். பிடிக்காமலா இத்தனை வருடம் அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்கிறார்கள். இருபத்தேழு வருடமாகத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பெருக்கல் வாய்பாடு சொல்லிக்கொடுக்கிறேன். அதற்காக எனக்கு வாய்பாடு பிடிக்கும் என்று அர்த்தமா?

வண்டி என் கணவருடையது. முந்நூற்றைம்பது சீசீ, ஒற்றைச் சிலிண்டர், இங்கிலாந்தில் செய்தது, எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் மூத்தது. இடது பக்கம் ஒரு சைட்கார் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் தெமோதரைக்குக் கீழே ஒரு தோட்டத்தின் தேயிலை பெக்டரியில் யந்திரம் பழுதுபார்க்கிற பிட்டர். பழைய துரை பங்களாவின் கராஜில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த அந்த வண்டியை வாங்கி, மூன்று வருடம் பாடுபட்டு ஓடவைத்தார். சைட்காரின் தரை தேயிலைப் பெட்டிப் பலகை. இருக்கை பஸ்ஸில் கழற்றிய பழைய சீட். கல்யாணமான புதிதில் அதில் என்னை உட்காரவைத்து ஹாலிஎல வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனபோது ஏதோ பல்லக்கில் போகிற மாதிரி எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பிடிக்கவே பிடிக்காது என்று சொன்னால் அது பொய். அலுத்துவிட்டது என்பதுதான் சரி.

சைட்கார் பூட்டிய வண்டி மற்ற மோட்டார்சைக்கிள் மாதிரி இல்லை. முறுக்கினால் இடது பக்கம் இழுக்கும். பிரேக் பிடித்தால் வலது பக்கம் திரும்பும். நேராகப் போவது ஒன்றுதான் அதற்குத் தெரியாது. வளைவில் ஓட்டுகிறவர் சாய்ந்து பிரயோசனமில்லை, சைட்காரில் இருக்கிறவர்தான் சாயவேண்டும். இடது பக்க வளைவு வந்தால் சைட்காரின் சக்கரம், எங்கள் பாஷையில் சில்லு, மேலே கிளம்பும். அதை அமுக்குவதற்கு, கம்பியைப் பிடித்துக்கொண்டு உடம்பில் பாதியை வெளியே தள்ளித் தேயிலைச் செடி உரச உரசத் தொங்கவேண்டும். வலது பக்க வளைவு என்றால் உடனே எழுந்து இந்தப் பக்கம் பாய்ந்து அவருடைய முதுகுக்குப் பின்னால் படுக்கவேண்டும். எங்கள் பதுளைப் பக்கத்துப் பாதைகளில் இருபது கவடு எடுத்து வைத்தால் ஒரு வளைவு வந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடி முடித்தால் திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதக் கை மேலே போகாது.

பழைய வண்டிகளுக்கென்று வருடத்தில் இரண்டு போட்டி நடக்கும். ஏதாவது ஒரு தோட்டத்தின் உள்பாதையைக் கேட்டு வாங்கி, மேலே ஏறி, சுற்றி, கீழே இறங்குகிற ஓட்டம். சைட்கார் பிரிவில் வழக்கமாக நாலே நாலு வண்டிகள்தான் வரும். அதனால் கடைசியாக வந்தாலும் நாலாவது இடம் என்று அவர் மார்தட்டுவார். அவரோடு சாய்கிறதற்கு முதலில் பெக்டரியில் ஒரு நண்பர் இருந்தார். அந்த நண்பர் வேலை தேடிக் கட்டாருக்குப் போய்விட்டார். அடுத்த போட்டிக்கு ஆள் கிடைக்காமல் என் கணவர் உர மூட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு போய், முதல் வளைவிலேயே பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்துவிட்டு வந்தார். முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றவரைப் பார்த்து, வாய் சும்மா இராமல், "உர மூட்டைக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்" என்று நான் சொல்லித் தொலைத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். அன்றிலிருந்து நான் ஏறுகிறேன். அறுபத்தெட்டு கிலோவோடு ஐம்பத்திரண்டு வயதுவரை ஏறினேன்.

பெட்ரோல் தட்டுப்பாடு வந்த வருடத்தை மலையில் வண்டி வைத்திருந்த யாரும் மறக்கமாட்டார்கள். பதுளைப் பெட்ரோல் செட்டுக்கு முன்னால் வரிசையில் வண்டியை விட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தாலும் வரிசை நகர்ந்திருக்காது. அப்போதுதான் எல்லோரும் ஒரு வித்தையைப் பழகினார்கள். இறக்கம் வந்தால் எஞ்சினை அணைத்துவிடுவது. மலையில் பாதிப் பாதை இறக்கம்தானே? எல்லவிலிருந்து பதுளைக்கு வருகிற பாதையில் ஆட்டோவும் மோட்டார்சைக்கிளும் சத்தமே இல்லாமல், காற்று மட்டும் இரைய இறங்கி வரும். முந்தியெல்லாம் வண்டிச் சத்தம் கேட்டு ஓரம் ஒதுங்கிய கொழுந்துக்காரப் பெண்கள் அந்த வருடம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். இன்னும் பல பேருக்கு அந்தப் பழக்கம் விடவில்லை. பெட்ரோல் தாராளமாகக் கிடைக்கிற இப்போதும் இறக்கத்தில் கை தானாக அணைக்கப் போகிறது.

அவரும் அணைத்தார். தட்டுப்பாடு தீர்ந்த பிறகும் அணைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. பழைய வண்டியின் பிரேக் பேருக்குத்தான் பிரேக். இறக்கத்தில் கியரைக் குறைத்துவிட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், அதை அணைத்துவிட்டால் பிடிக்க ஒன்றுமில்லை. இதை எனக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான்.

"இந்தக் கஞ்சத்தனத்த எப்பங்க விடுவீங்க?" என்று கத்துவேன்.

"பழகிப்போச்சு டீச்சர்" என்பார். கிண்டல் செய்யும்போதும் மழுப்பும்போதும் நான் அவருக்கு டீச்சர்.

ஒன்றை நான் கவனிக்கத்தான் செய்தேன். மற்றவர்கள் கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு இறங்குவார்கள். இவர் கியரைத் தொடவே மாட்டார். இருந்த கியரிலேயே கிளச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். இடக்கைப் பிடிக்குக் கீழே எஞ்சினை அணைக்கிற சின்ன லீவர் ஒன்று உண்டு, அதைத் தட்டிவிட்டு அடிவாரம் வரைக்கும் அப்படியே இறங்குவார். கீழே வந்ததும் கிளச்சை விடுவார், எஞ்சின் ஒரு குதி குதித்துப் பற்றிக்கொள்ளும். எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளாமல் இருப்பதே பெரும்பாடு. ஏற்றத்தில் இன்னொன்று. கியர் குறைக்கவேண்டிய இடத்தில் குனிந்து வலது காலைப் பார்ப்பார். இங்கிலீஷ் வண்டிகளுக்குக் கியர் வலது காலில்தான். பழைய எஞ்சின் எப்போதும் எண்ணெய் ஒழுகும். எண்ணெய் எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். பழைய வண்டிக்காரர்கள் எல்லோருமே குனிந்து குனிந்து எஞ்சினைப் பார்க்கிறவர்கள்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். முடியும். ஊர் முழுக்கச் சோறு கொட்டிக் கிடந்தால் எத்தனை பூசணிக்காயையும் மறைக்கலாம்.

போன சித்திரை விடுமுறையில், பசறைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் போட்டி. பெக்டரி கேட்டிலிருந்து மேலே பங்களா முடக்கு வளைவு வரைக்கும் ஏறி, சுற்றி, தேயிலைக் கன்று நேசரி வழியாக இறங்கி மறுபடி கேட்டுக்கு வரவேண்டும். அப்படி இரண்டு சுற்று. போவதற்கு முன் வழக்கம்போல அவர் தன் பெக்டரியில் ரோதமுனிக்குச் சூடம் கொளுத்திவிட்டு வந்தார். யந்திரங்களைக் காக்கிற சாமி என்று பெக்டரிக்காரர்கள் கும்பிடுகிற சாமி அது. ரோலருக்கும் மோட்டாருக்கும் கும்பிடும்போது நம் வண்டியையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன் என்றார். வண்டியை மட்டும்தான் சொன்னாராம், எங்களைச் சொல்ல மறந்துவிட்டாராம். நான் சிரித்தேன்.

எங்களுக்கு முன்னால் வெலிமடைப் பக்கத்து உருளைக்கிழங்கு வியாபாரிகள், அண்ணனும் தம்பியும். இருவருமே என்னைவிட இரண்டு மடங்கு எடை. ஏற்றத்தில் அவர்களைப் பிடித்துவிடலாம் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். முதல் ஏற்றத்தில் மூன்று வளைவு வரைக்கும் பிடித்தும்விட்டோம். நாலாவது வளைவில் கியர் குறைக்கக் குனிந்தார். வண்டி திணறியது, அவர்கள் போய்விட்டார்கள். அப்போதே ஏதோ தீய்கிற நாற்றம் வந்தது. கிளச் தீய்கிறது என்று நினைத்தேன். சொல்ல நேரமில்லை, அடுத்த வளைவுக்கு நான் தொங்கவேண்டியிருந்தது.

முடக்கில் சுற்றி இறக்கத்தைத் தொட்டதும் சத்தம் நின்றுவிட்டது. போட்டியில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, மனுஷன் எஞ்சினை அணைத்துவிட்டார்!

பாதையோரம் நின்ற தோட்டத்துச் சனம் விழுந்து விழுந்து சிரித்தது. "அண்ணே, பெட்ரோல் மிச்சமா?" என்று ஒருவன் கத்தினான். "போட்டிக்கு வந்த எடத்துலயுமா!" என்று ஒரு அம்மா தலையில் கைவைத்தாள். எனக்கு மானம் போனது. "எஞ்சினப் போடுங்க!" என்று அவர் முதுகில் குத்தினேன். அவர் திரும்பவில்லை. கீழே கேட்டுக்கு வந்ததும் கிளச்சை விட்டார், வண்டி குதித்துப் பற்றிக்கொண்டது, மறுபடி ஏறினோம்.

இரண்டாவது இறக்கத்திலும் அதே கதை. ஆனால் முதல் இறக்கத்திலேயே பிரேக் சூடேறிப்போயிருந்தது. நேசரிக்குப் பக்கத்தில் இடது பக்கம் ஒரு கொண்டை வளைவு. அவர் பிரேக்கைப் பிடித்தார். வண்டி பிடிபடவில்லை. என்னால் முடிந்த அளவுக்கு வெளியே தொங்கினேன், மண்ணில் என் சேலைத் தலைப்பு இழுபட்டது தெரிந்தது. போட்டிக்கு நான் பழைய காற்சட்டையும் அதன்மேல் சுற்றிக் கட்டிய சேலையுமாகத்தான் போவேன், இந்த வயதில் வெறும் காற்சட்டையோடு என் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்கள் முன்னால் நிற்க எனக்கு வராது. என் கனம் போதவில்லை. சைட்கார் சில்லு மேலே போனது. வானம் தெரிந்தது. பிறகு வண்டி பாதையை விட்டு வலது பக்கம் இறங்கித் தேயிலைச் செடிகளுக்குள் புகுந்து, ஒரு வாது முறியும் சத்தத்தோடு நின்றது.

இருவருக்கும் ஒன்றுமில்லை. என் முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். இறங்கி வந்து அவருக்கு முன்னால் நின்று, இத்தனை வருடத்தில் சேர்த்துவைத்த அத்தனையையும் திட்டித் தீர்ப்பதற்கு வாயைத் திறந்தேன். மறுபடி அந்த நாற்றம் வந்தது. எஞ்சின் அணைந்து கிடந்தது, கிளச் தீய வழியில்லை. குனிந்து பார்த்தேன்.

வலது கால் மிதிகட்டையில் இல்லை. சூடான சைலன்சர் குழாயின் மேல் இருந்தது. கான்வஸ் சப்பாத்தின் ரப்பர் உருகிக் குழாயில் கோந்து மாதிரி ஒட்டியிருந்தது. துணியில் கருகிய ஓட்டை. ஓட்டைக்குள் அவருடைய கணுக்காலின் தோல் தெரிந்தது, வெள்ளையாக, பொங்கி.

அவர் கைப்பிடியைப் பிடித்தபடி, முன்சில்லு கோணிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால எடுங்க" என்றேன்.

"எந்தக் கால?"

நானே இரண்டு கையாலும் அந்தக் காலைத் தூக்கி எடுத்தேன். ரப்பர் நூல் நூலாக இழுபட்டு வந்தது. அவர் அப்போதுதான் குனிந்து பார்த்தார். யாருடைய காலையோ பார்க்கிற மாதிரிப் பார்த்தார்.

"சுடலையா?" என்று கேட்டேன்.

"லேசா சுட்டுச்சு" என்றார்.

அவருக்குச் சீனி வருத்தம் வந்து பன்னிரண்டு வருடம். காலையிலும் சாயங்காலமும் மாத்திரையை எண்ணிக் கொடுப்பது நான். சீனி இல்லாத தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுப்பது நான். கிளினிக் அட்டையில் கால் மரத்துப்போகலாம், கவனியுங்கள் என்று மூன்று மொழியில் அச்சடித்திருக்கும், அதை எத்தனை தடவை மடித்து வைத்திருப்பேன். அவர் குனிந்து குனிந்து பார்த்தது எண்ணெய் ஒழுகலை அல்ல. கால் கியரின் மேல் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்திருக்கிறார். இறக்கத்தில் கியரைக் குறைக்கக் காலை நம்பமுடியாமல்தான் எஞ்சினை அணைத்திருக்கிறார். நான் அதைக் கஞ்சத்தனம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். படித்தவள், டீச்சர் என்று பேர் வேறு.

வீட்டுக்கு வந்து காலுக்குக் கட்டுப் போடும்போது மெல்லக் கேட்டேன், எவ்வளவு நாளாக என்று.

"தட்டுப்பாடு நேரத்துலயே ஆரம்பிச்சிருச்சு" என்றார். "அப்ப எல்லாரும் அணைச்சாங்க. எனக்கு அது வசதியாப்போச்சு."

"கியர் எங்க இருக்குனே தெரியாமயா ஓட்டுனீங்க? என்னையும் வச்சுக்கிட்டு?"

"எங்க இருக்குனு தெரியாதா? இத்தன வருஷமா அது அங்கதான இருக்கு" என்றார். கட்டுத் துணியின் நுனியை எனக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டு, "சொன்னா நீ ஏறமாட்ட" என்றார்.

உண்மைதான். நான் ஏறாவிட்டால் அந்த வண்டி போட்டிக்குப் போகாது. வேறு யாரும் அவரோடு ஏறமாட்டார்கள், உர மூட்டை ஒரு வளைவுக்குத்தான் தாங்கும். பெக்டரியில் நாளெல்லாம் யாருடைய யந்திரத்தையோ பழுதுபார்க்கிற மனுஷனுக்குத் தன்னுடையது என்று இருந்தது வருடத்தில் அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான். அது எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். ஆவணியில் அடுத்த போட்டி. புண் ஆறுவதற்கு ஏழு வாரம் எடுத்தது. ஆறி முடிந்த அன்றைக்கே அவர் வண்டியின் முன்சில்லைக் கழற்றி நிமிர்த்த ஆரம்பித்துவிட்டார். நாய் வாலைப் பற்றிச் சொல்வார்களே, அதுதான்.

எனக்கு அலுத்துவிட்டது என்று சொன்னேன் அல்லவா. சண்டை போடவும் அலுத்துவிட்டது. அதனால் ஒரு பேச்சுப் பேசினேன்.

"பதுளை ஆஸ்பத்திரில காலப் பாக்குற கிளினிக் இருக்கு. அங்க வாங்க. கால்ல உணர்ச்சி இருக்குனு அவங்க சொன்னா நான் ஏறுறேன். இல்லன்னு சொன்னா வண்டிக்கும் எனக்கும் இத்தோட சரி. அதுக்கப்புறம் கெஞ்சக்கூடாது."

"சத்தியமா?"

"சத்தியமா."

அவர் முகம் மலர்ந்தது. பரீட்சையில் எப்படியும் தேறிவிடலாம் என்று நினைக்கிறவருக்கு வருகிற மலர்ச்சி அது.

கிளினிக் நாளன்று நல்ல சட்டை போட்டுக்கொண்டார். பஸ்ஸில் போனோம். எங்களுக்கு முன்னால் நாற்பது பேர் இருந்தார்கள், பாதிப் பேர் தோட்டத்துச் சனம். பத்தரை மணிக்குக் கூப்பிட்டார்கள். சிங்களத் தாதி ஒருவர், எங்களுக்காகத் தமிழில் பேசினார். கட்டிலில் படுக்கச் சொல்லி, செருப்பைக் கழற்றச் சொல்லி, பேனா மாதிரி ஒன்றை எடுத்தார். அதன் நுனியில் ஒரு மெல்லிய நைலான் நூல் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, கண் மூடுங்க. நான் கேட்டா, தொட்டது தெரியுதா சொல்லுங்க."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்துவைத்துக்கொண்டார். தாதி இடது காலின் கட்டைவிரலில் நூலை அமுக்கினார். நூல் வளைந்தது.

"தெரியுதா?"

"தெரியுது."

பிறகு பாதத்தின் நடுவில். தெரியுது என்றார். தாதி வலது காலுக்கு வந்தார். கட்டைவிரல். சுண்டுவிரலுக்குக் கீழே. குதிகால். ஒவ்வொன்றுக்கும் தெரியுது, தெரியுது என்று, வகுப்பில் முன்வரிசைப் பிள்ளை மாதிரி முந்திக்கொண்டு சொன்னார். தாதி ஒரு கணம் நிறுத்தினார். பிறகு நூலை அவர் காலுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், காற்றில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"தெரியுதா?"

"தெரியுது" என்றார். சிரித்தார்கூட.

தாதி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும், வரவில்லை. அந்த மனுஷன்மேல் எனக்கு அப்படி ஒரு பாசம் வந்தது. சும்மா இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பும் வந்தது. ஆவணிக்கு ஒரே ஒரு தடவை. நான் நன்றாகத் தொங்கினால் போதாதா? என் வாழ்க்கையில் இதைவிடப் பைத்தியக்காரத்தனமாக நான் எதையும் நினைத்ததில்லை.

"ஏங்க" என்றேன். "கண்ணத் தொறங்க. இன்னும் தொடவேயில்ல."

அவர் கண்ணைத் திறந்தார். காற்றில் இருந்த நூலைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. கோத்திருந்த கைகளைப் பிரித்து, கட்டிலின் இரண்டு ஓரத்திலும் வைத்துக்கொண்டார். தாதி மேசைக்குப் போய் எழுத ஆரம்பித்தார். வண்டிப் பேச்சு அத்தோடு முடிந்தது.

எழுந்து கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கட்டிலுக்கடியில் கிடந்த செருப்பை எடுத்து, நான் கீழே குந்தி அவருடைய வலது காலில் மாட்டினேன். விரலிடுக்கில் வார் சரியாகப் போயிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாட்டியாச்சா?" என்று கேட்டார்.

மாட்டியாச்சு என்று சொன்னேன்.